‘சூப்பர்’ என்பதற்கு மேல் ஒரு வரி

குன்னூரிலிருந்து:

நீலகிரி, கொடைக்கானல் பக்கம் படம் எடுக்கிற நாங்கள் சிலர் சேர்ந்து மாதாமாதம் இணையத்தில் ஒரு சின்னப் போட்டி நடத்துகிறோம். பரிசு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு தலைப்பு கொடுப்போம். வருகிற படங்களைப் பெயர் மறைத்துப் போடுவோம். எல்லாரும் ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போட வேண்டும். கீழே கருத்துக்கு ஒரு காலிக் கட்டம். அந்தக் கட்டம்தான் தலைவலி. ‘சூப்பர்’, ‘அருமை அண்ணா’, கைதட்டும் பொம்மை, இவ்வளவுதான் வரும். (பெயர் மறைத்த படத்துக்கு ‘அண்ணா’ எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். யார் எந்தக் கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார் என்று இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும்.)

‘மூடுபனி’ என்ற தலைப்புக்கு லேம்ப்ஸ் ராக் போகிற வழியில் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த படம் ஒன்று வந்தது. சில்வர் ஓக் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பனிக்குள் மறைகிற காட்சி. நல்ல இடம், நல்ல நேரம். ஆனால் மூன்றும் நாலுமாகத்தான் மதிப்பெண் விழுந்தது. எடுத்தவர் போனில் கூப்பிட்டு, “மூணு போட்டது பரவாயில்லைங்க, எதுக்கு மூணுன்னு ஒருத்தராவது சொல்லலாமில்ல?” என்றார். நியாயமான கேள்வி.

பெரிதாக்கிப் பார்த்தால் விஷயம் தெரிந்தது. பனி வெள்ளையாக இல்லை, அழுக்குச் சாம்பலாக இருந்தது. கேமராவின் மீட்டர் எதிரே இருப்பதை நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் அளக்கும். ஃபிரேம் முழுக்க வெண்பனி இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (மீட்டர் சொன்ன வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கிற வசதி) ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, ஏற்றியிருந்தால் பனி பனியாகவே வந்திருக்கும். மூன்று போட்டவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். பிறகு விசாரித்தபோது, “எழுதினா தப்பா எடுத்துக்குவாரோன்னு விட்டுட்டேன்” என்றார்கள். நம் ஆட்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை, காலிக் கட்டத்தைப் பார்த்தால்தான் கை வருவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

அதனால் கட்டத்தின் மேல் ஒரே ஒரு கேள்வியைப் போட்டோம்: ‘படத்தைப் பார்த்ததும் உங்கள் கண் முதலில் எங்கே போனது?’

அடுத்து வந்த தலைப்பு மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி எஞ்சின் பின்னால் இருந்துதான் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். ஒருவர் ரயில் முழுவதையும் போகவிட்டு, கடைசியில் வருகிற எஞ்சினையும் புகையையும் எடுத்திருந்தார். அவருக்கு அந்தப் புகைதான் படம். பதில்களைப் பார்த்தால், வந்தவர்களில் பெரும்பாலோர் ‘மஞ்சள் கேன்’ என்று எழுதியிருக்கிறார்கள்! வலது ஓரத்தில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில், யாரோ வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் கேன். எடுத்தவர் அதைப் பார்க்கவே இல்லை. காம்போசிஷன் சரியில்லை என்று யாரும் வகுப்பு எடுக்கவில்லை, யார் மனமும் நோகவில்லை. ஓரத்தைக் கொஞ்சம் கிராப் செய்ததும் படம் சரியாகிவிட்டது. இன்னொரு லாபம், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஷட்டர் ஸ்பீடு தெரிந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் தெரு டீக்கடை அக்காவும் இப்போது பதில் எழுதுகிறார், மதிப்பெண் மட்டும் போடமாட்டேன் என்கிறார்.

உங்களுக்கு உதவிய கருத்து, கெடுத்த கருத்து, எதுவானாலும் எழுதுங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

கெடுத்த கருத்து என் கணக்கில் ஒன்று இருக்கிறது. வேலிக் கம்பியில் உட்கார்ந்த கீச்சான் குருவி படம். ‘பின்னால் போகிற இன்னொரு கம்பி உறுத்துகிறது, எடிட்டிங்கில் அழித்துவிடுங்கள்’ என்று ஒரு பெரியவர் அன்போடு எழுதினார். கம்பி உறுத்தியது உண்மை. ஆனால் நான் அனுப்பியிருந்தது இயற்கைப் பிரிவுக்கு. ஃபியாப், பி.எஸ்.ஏ. மாதிரி சர்வதேசப் புகைப்பட அமைப்புகளின் விதிப்படி இயற்கைப் பிரிவில் படத்தில் இருப்பதை அழிக்கவோ, இல்லாததைச் சேர்க்கவோ, இடம் மாற்றவோ கூடாது. ஓரத்தை வெட்டலாம், வெளிச்சம் திருத்தலாம், அந்த மாதிரித் திருத்தங்கள்தான். அவர் பேச்சைக் கேட்டு அழித்துவிட்டு வெளியே ஏதாவது போட்டிக்கு அனுப்பியிருந்தால் படத்தைத் தள்ளியிருப்பார்கள்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அது எந்தப் பிரிவு என்று அவர் பார்த்த பக்கத்தில் எங்கேயும் போட்டிருக்கவில்லை. கருத்து எழுதுகிற இடத்துக்கு மேலேயே பிரிவையும், அதில் எது கூடும் எது கூடாது என்பதையும் ஒரு வரியில் போட்டுவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

எனக்கு உதவிய பதில் அதே படத்துக்கு இன்னொருவர் எழுதியது. மனிதன் வைத்த பொருள் இயற்கைப் பிரிவில் பொதுவாக ஆகாது, ஆனால் உயிரினத்தின் கதைக்கு அது தேவை என்றால் விதிவிலக்கு உண்டு என்றார். கீச்சான் இரையை முள்ளில் குத்தி வைக்கும், முள்கம்பியும் அதற்கு ஒரு முள்தான், அந்த நேரத்துக்குக் காத்திருங்கள், அப்போது யாரும் கம்பியைக் குறை சொல்ல முடியாது என்று எழுதியிருந்தார். இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கீச்சானுக்கு அவசரம் ஒன்றும் இல்லை போல.

கொடைக்கானலிலிருந்து:

2018இல் குறிஞ்சி பூத்தபோது ஊரே கேமராவோடு அலைந்தது. அந்தப் படம் ஒன்றைப் பின்னால் ஒரு போட்டிக்கு அனுப்பினேன். ‘நிறம் செத்துப்போயிருக்கு’, ‘வெளிறிய ஊதா’ என்று வரிசையாக வந்தது. என் கம்ப்யூட்டரில் பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரே ஒருவர் மட்டும், “மேடம், ஃபைலை அடோபி ஆர்.ஜி.பி.யில் சேமித்தீர்களா?” என்று கேட்டார். ஆமாம். அது நிறங்களைப் பதிகிற ஒரு முறை. சில தளங்கள் பதிவேற்றும்போது, ஃபைல் எந்த முறையில் இருக்கிறது என்று சொல்லும் கலர் புரொஃபைலை உரித்துவிடும், அதற்குப் பிறகு போன், பிரவுசர் எல்லாம் அதை இணையத்தில் வழக்கமான எஸ்.ஆர்.ஜி.பி. முறை என்று எடுத்துக்கொண்டு நிறத்தை மங்கலாகக் காட்டும் என்றார். மாற்றிச் சேமித்து அனுப்பினேன், மலைச்சரிவு மறுபடி நீலமானது.

அதிலிருந்து நான் யாருக்குக் கருத்து எழுதினாலும் குறையைத் தீர்ப்பாக எழுதாமல் கேள்வியாகத்தான் எழுதுகிறேன். ‘ஷார்ப் இல்லை’ என்று எழுதுவதற்கு முன்னால், ‘வாட்ஸ்ஆப்பில் வாங்கிய பிரதியா?’ என்று கேட்டுப் பாருங்கள் (அது பொதுவாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும்). பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். அடுத்த குறிஞ்சி 2030இல்தான், அதற்குள் எல்லாரும் பழகிக்கொள்ளலாம்.

கூடலூரிலிருந்து:

எனக்கு ‘சூப்பர்’ போதும். வேலை முடிந்து வந்து, அசதியில் ஒரு படம் போடுகிறேன். அதில் நான்கு பேர் கண் எங்கே போனது, கம்பி எங்கே போகிறது என்று ஆராய்ந்தால் அடுத்த மாதம் போடத் தோன்றாது. கருத்து வேண்டும், வேண்டாம் என்று படம் அனுப்புகிறவரே குறிக்க ஒரு வழி வையுங்கள். கோபமாகச் சொல்லவில்லை.

ஊட்டியிலிருந்து:

கூடலூர்த் தம்பி சொல்வது சரிதான். நான் ஸ்டூடியோ வைத்திருந்தவன், ஃபிலிம் காலத்து ஆள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கருத்து எழுதுகிறவர்கள், வீட்டில் உட்கார்ந்து சரிசெய்யக்கூடியதையும் அந்த இடத்துக்குத் திரும்பப் போனால்தான் சரியாகும் என்பதையும் பிரித்து எழுதுங்கள். சாய்ந்த அடிவானத்தை இன்றைக்கே நிமிர்த்தலாம். தொட்டபெட்டாவில் உச்சி வெயிலில் எடுத்ததை விடியற்காலை ஆக்க முடியாது. இரண்டையும் ஒரே மூச்சில் எழுதினால் கேட்பவருக்கு எதைப் பிடிப்பது என்று தெரியாது.

அப்புறம், வாக்களிப்பு முடியும்வரை கருத்துகளை மறைத்து வையுங்கள். முதல் ஆள் ‘இருட்டாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டால், பின்னால் வருகிற எல்லாருக்கும் படம் இருட்டாகத்தான் தெரியும்.

மறுபடி குன்னூரிலிருந்து:

சரி, இவ்வளவும் குறித்துக்கொண்டேன். அடுத்த மாதத் தலைப்பு ‘சந்தை’. பிரிவும் விதியும் மேலேயே இருக்கும். கருத்துகள் முடிவு வந்த பிறகுதான் தெரியும். கருத்து வேண்டுவோர் படத்தோடு ஒரு கேள்வியும் அனுப்ப வேண்டும். ‘எப்படி இருக்கு?’ என்பதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ள மாட்டோம். ‘காய்கறிக் கூடைக்குப் பின்னால் நிற்கிற பாட்டி தெரிகிறாரா?’ என்ற மாதிரி கேளுங்கள். கூடலூர் நண்பருக்கு ‘வேண்டாம்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் மதிப்பெண் மட்டும் வரும், அது மூன்றாக இருந்தால் போனில் கூப்பிட்டுக் காரணம் கேட்கக் கூடாது.