மழையில் பிரேக் மிதித்தும் கார் வழுக்கிக்கொண்டே போகிறது, ஏன்?

ரப்பர்தோட்டம்: நேற்று சாயங்காலம் தக்கலையிலிருந்து குலசேகரம் போகும்போது சாரல் விழ ஆரம்பித்தது, முன்னால் ஒரு ஆட்டோ சட்டென்று நின்றது, நான் ஓங்கி மிதித்தேன், பெடல் கடகடவென்று உதறியதே தவிர வண்டி வழுக்கிப் போய் ஒரு முழ இடைவெளியில்தான் நின்றது. வேகம் 60 இருக்கும். பிரேக் பேட் மாற்றி மூன்று மாதம்தான் ஆகிறது. பிரேக்கில் கோளாறா?

குழித்துறைக்காரன்: உதறியது ஏபிஎஸ், அது கோளாறு இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்து ஸ்டியரிங் திருப்ப விடுவதுதான் அதன் வேலை, அதை நம்பி முன்வண்டியை ஒட்டிப் போகாதீர்கள். முதலில் டயரைப் பாருங்கள் அண்ணே. பள்ளத்துக்குள் சின்ன மேடு இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். தேய்ந்து அதுவரை வந்துவிட்டால் தண்ணீரை வெளியே தள்ளாது, பேட் புதுசாக இருந்தும் பிரயோஜனமில்லை.

ஆரல்காற்று: அதோடு வேகக் கணக்கு. 60இல் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும், கால் பெடலுக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவும் போச்சு! 30இல் வந்திருந்தால், மிதித்த பிறகு ஓடும் தூரம் ஏறக்குறைய கால்வாசிதான். சாரல் ஆரம்பிக்கும்போது தூசியும் எண்ணெயும் சேர்ந்து ரோடு இன்னும் வழுக்கும்.

ரப்பர்தோட்டம்: பார்த்துவிட்டேன், முன்டயர் இரண்டும் மொட்டை. டயர் மாற்ற மார்த்தாண்டம் கிளம்புகிறேன், மெதுவாகத்தான்.