வேலூர் கோட்டை: கோயில், மசூதி, சர்ச், போலீஸ் பயிற்சி எல்லாம் ஒரே மதிலுக்குள் வந்தது எப்படி?

ஈரோட்டுப் பயணி:
மருத்துவமனை வேலையாக வேலூர் வந்த இடத்தில், கிடைத்த ஒரு மதியத்தில் கோட்டைக்குள் போய்ப் பார்த்தேன். அகழியைத் தாண்டி நுழைந்தால் ஒரு பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில், இன்னொரு பக்கம் சர்ச், தள்ளி மசூதி, நடுவே அருங்காட்சியகம், காவலர் பயிற்சி, அரசு அலுவலகங்கள். பள்ளியில் 1806 சிப்பாய் புரட்சி என்று மட்டும்தான் படித்தோம். அதற்கு முன்னும் பின்னும் இந்தக் கோட்டையை யார் எதற்காக வைத்திருந்தார்கள்? என் மாமனார் வேறு, தான் இளைஞராக இருந்தபோது அந்தக் கோயிலுக்குள் சாமியே கிடையாது என்கிறார். உண்மையா?

சத்துவாச்சாரிக்காரர்:
உங்கள் மாமனார் சொல்வது சரிதான். கோட்டை கைமாறிய காலத்தில் சாமிக்குப் பங்கம் வந்துவிடும் என்று லிங்கத்தை வெளியே எடுத்துப் போய்விட்டார்கள். அப்புறம் பல தலைமுறைக்குக் கருவறை காலி. எங்கள் சத்துவாச்சாரி விநாயகர் கோயிலில்தான் லிங்கம் இருந்தது, 1981 மார்ச்சில்தான் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள். நடுவில் வெள்ளைக்காரப் படை அந்தக் கோயிலை ஆயுதக் கிடங்காக வைத்திருந்தது. கல்யாண மண்டபத்தில் யாளியும் குதிரை வீரர்களும் நிற்கும் தூண்களைப் பார்த்தீர்களா? வெடிமருந்துப் பக்கத்தில் இருந்தும் அவை மிஞ்சியது பெரும் பாக்கியம். அடுத்த முறை அந்த மண்டபத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள், விதானத்தில் பூவைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கும்.

பாலாற்றங்கரை:
கோட்டை 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்குக் கீழ் இருந்த நாயக்கர்கள் கட்டியது, சின்ன பொம்மி நாயக்கர் பெயரைத்தான் சொல்வார்கள். பெனுகொண்டா, சந்திரகிரிக்கு அப்புறம் விஜயநகர அரசர்கள் வந்து தங்கிய தலைநகரும் இதுதான். பிறகு பிஜப்பூர் சுல்தான் படை, 1678இல் ஓராண்டுக்கு மேல் முற்றுகையிட்டுப் பிடித்த மராட்டியர், அப்புறம் முகலாயர், ஆற்காட்டு நவாப், கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி. 1780இல் ஹைதர் அலி முற்றுகையிட்டும் அவரால் பிடிக்க முடியவில்லை. 133 ஏக்கர், இரட்டை மதில், சுற்றிலும் தண்ணீர். அந்த அகழியில் முதலைகள் இருந்ததாகவும் பழைய குறிப்புகள் உண்டு.

ஆனால் எனக்கு மனசில் நிற்பது போர்க் கதைகள் இல்லை. கம்பெனி இதைச் சிறையாக மாற்றியதுதான். 1799இல் திப்பு இறந்ததும் அவர் பிள்ளைகளையும் குடும்பத்தையும் இங்கே கொண்டு வந்து வைத்தார்கள், திப்பு மஹால் என்ற பெயர் அதனால்தான். புரட்சிக்குப் பிறகு பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்து, கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815இல் பிடிபட்டு, மறு ஆண்டு இங்கே வந்தவர் 1832இல் இறக்கும்வரை ஊர் திரும்பவே இல்லை. பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது. அரசனாக இருந்த மனிதர் பதினாறு வருடம் இந்த மதிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதை நினைத்தால் என்னவோ செய்கிறது.

பணி ஓய்வு ஆசிரியர்:
தம்பி, 1806ஐயும் அந்தச் சிறையையும் பிரித்துப் பார்க்க முடியாது. கம்பெனி சிப்பாய்களுக்குக் கொடுத்த புதிய தலைப்பாகை தொப்பி மாதிரி இருந்தது, நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவு போட்டார்கள். எதிர்த்தவர்களுக்குக் கசையடி. ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டையில் கல்யாணம், அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகச் சிப்பாய்கள் சேர்ந்தார்கள். 10ஆம் தேதி விடியும் முன் எழுந்து, மைசூர் புலிக்கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி ஜில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. சரணடைந்தவர்களில் ஏறக்குறைய நூறு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். கோட்டைக்குள் போகிறவர்கள் பலர் இது தெரியாமலே செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்புவது எனக்கு மிகவும் வருத்தம். சென்னை ஆளுநர் பெண்டிங்க் பதவியிழந்து இங்கிலாந்து திரும்பியதும் இதனால்தான். மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண் இருக்கிறது, ஜூலை 10 தோறும் மரியாதை செலுத்துகிறார்கள்.

சர்ச் 1846இல் பட்டாளத்துக்காகக் கட்டியது. மசூதி இப்போது தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, தொழுகை நடப்பதில்லை.

ஈரோட்டுப் பயணி:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி எல்லோருக்கும். இன்னும் இரண்டு நாள் இங்கேதான் இருப்பேன். நாளை வெள்ளிக்கிழமை, போனால் எல்லாம் பார்க்க முடியுமா?

சத்துவாச்சாரிக்காரர்:
வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. கோயிலுக்கு நாளைக்குப் போங்கள், கூட்டம் இருக்கும், பரவாயில்லை. சனிக்கிழமை காலை வெயில் ஏறும் முன் அருங்காட்சியகத்தையும் மதிலையும் பார்த்துவிட்டு, அப்படியே ஒரு ஆட்டோ பிடித்து முத்து மண்டபமும் போய்விடலாம்.