கலைச்சொல்: கிரெடிட் என்பது புள்ளியா, வரவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி கிரெடிட் சேர்த்துக்கொள்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். எனக்குத் தோன்றியவை கீழே.

> கிரெடிட் = புள்ளி. எளிமை, எல்லாருக்கும் புரியும்.

எளிமைதான். ஆனால் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "ஏபி தேர்வில் 4 புள்ளி எடுத்தால் கல்லூரியில் 3 புள்ளி கிடைக்கும், ஆனால் அது சராசரிப் புள்ளியில் சேராது." மூன்றும் வேறு வேறு சங்கதி. முதலாவது, ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்று பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வில் 1 முதல் 5 வரை போடும் மதிப்பு. இரண்டாவது, வாரம் சுமார் 3 மணி நேர வகுப்பு வீதம் ஒரு பருவம் படித்ததற்கு ஈடாகக் கல்லூரி எழுதிக்கொள்வது. அப்படி ஏறக்குறைய 120 கிரெடிட் சேர்ந்தால் இளநிலைப் பட்டம். மூன்றாவது ஜிபிஏ, அதாவது எல்லாப் பாடங்களிலும் வாங்கிய தரங்களின் சராசரி. இத்தனை புள்ளியை வைத்துக் கோலம்தான் போட முடியும்.

> இலங்கை வழக்கில் கிரெடிட்டுக்குத் 'திறமை' உண்டே?

அங்கே திறமைச் சித்தி என்பது சாதாரண தரம் (ஓ/எல்) என்னும் பள்ளித் தேர்வில் ஒரு தரநிலை. இங்கே பொருந்தாது.

என் பரிந்துரை வரவு. வங்கியில் பணம் போட்டால் 'உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது' என்கிறார்களே, அதே வரவு. பெயர்ச்சொல்லோடு வினையும் கூடவே வருகிறது என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஏனென்றால் இந்த விஷயத்தில் வினைதான் முக்கியம். மாணவர் தேர்வில் 3 எடுத்துவிட்டார் என்பதால் மட்டும் எதுவும் கிடைத்துவிடாது. சேரப்போகும் கல்லூரி அதை வரவு வைக்க வேண்டும். ஒரு கல்லூரி 3-க்கே வைக்கும், இன்னொன்று 4 அல்லது 5 கேட்கும், மூன்றாவது வரவே வைக்காமல் 'அடுத்த நிலை வகுப்பில் நேராக உட்கார்ந்துகொள்' என்று விட்டுவிடும். 'புள்ளி பெற்றார்' என்று எழுதினால் படிக்கிறவர் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைப்பார். 'வரவு வைத்தார்கள்' என்றால் யார் கையில் முடிவு என்பதும் தெரிகிறது.

அந்த 'அடுத்த நிலையில் உட்காருவது'தான் ஏபி என்பதில் உள்ள பிளேஸ்மென்ட். ஒரு மொழிபெயர்ப்பில் இதை 'மேம்பட்ட வேலைவாய்ப்பு' என்று படித்து அரை நிமிடம் திகைத்துப்போனேன். 1950களிலிருந்து இருக்கும் தேர்வு. பள்ளிப் பிள்ளைகளுக்கு வேலை எதுவும் கொடுப்பதில்லை! நிலையமர்வு என்று வைக்கலாமா? கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

> டூயல் என்ரோல்மென்ட் = இரட்டைச் சேர்க்கை

இதில்தான் எனக்குப் பெரிய தயக்கம். சேர்க்கை என்றால் நம் காதில் 'அட்மிஷன்' என்றே விழும். அந்த மாணவர் கல்லூரியில் பட்டப் படிப்புக்குச் சேரவில்லை, பள்ளி மாணவராக இருந்துகொண்டே கல்லூரிப் பாடம் எடுக்கிறார். மின்னசோட்டா மாநிலம் 1985-இல் சட்டம் போட்டுத் தொடங்கிய திட்டத்திலும், வாஷிங்டன் மாநிலத்தின் ரன்னிங் ஸ்டார்ட் திட்டத்திலும் மையக் கருத்து ஒன்றுதான்: படித்த ஒரே பாடம் பள்ளி ஏட்டிலும் (டிரான்ஸ்கிரிப்ட்) ஏறும், கல்லூரி ஏட்டிலும் ஏறும். இரட்டிப்பது பாடத்தின் பதிவு.

முதலில் 'இரட்டைக் கணக்குப் பாடம்' என்று எழுதிப் பார்த்தேன். வருமான வரிக்காரர் கதவைத் தட்டுவார் போலிருந்தது. அழித்துவிட்டேன். 'ஈர்வரவு' கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உயிரெழுத்துக்கு முன்னால்தான் ஈர், வகரத்துக்கு முன்னால் இரு. ஆக, இருவரவுப் பாடம். வேகமாகப் படித்தால் 'இருவர்' எட்டிப் பார்க்கிறார், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

ஏபி, கிளெப் (கல்லூரிப் பாடத்துக்கு ஈடான இன்னொரு தேர்வு) மாதிரி தேர்வு எழுதிப் பெறுவதைத் தேர்வுவழி வரவு எனலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தேர்வுவழியில் சறுக்கினால் பெரும்பாலும் அந்த மதிப்பைக் கல்லூரிக்கு அனுப்பாமலே விடலாம். இருவரவுப் பாடத்தில் வாங்கிய 'சி' அந்தக் கல்லூரியின் ஏட்டில் நிரந்தரமாக நிற்கும், பிற்பாடு வேறு கல்லூரிக்கு விண்ணப்பித்தால் அங்கேயும் காட்ட வேண்டிவரும். பெற்றோருக்கு எழுதும் கட்டுரையில் இந்த வித்தியாசம் மங்கினால் பிள்ளைக்குத்தான் நட்டம்.

இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்துக்கு மட்டும் பொதுச்சொல்லாக, கல்லூரிக்குள் போகும் முன்பே சேர்வதால், முன்வரவு. 'முன்வருதல்' நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்வீர்கள். வரட்டும். முன்பணம் என்ற சொல் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

டிரான்ஸ்கிரிப்டை மேலே 'ஏடு' என்று சும்மா எழுதிவிட்டேன். மதிப்பெண் பட்டியல் என்றால் ஒரு பருவத்தோடு நின்றுவிடுகிறது. படிப்பேடு? யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் தனி இழையில் போடுங்கள், இது ஏற்கெனவே நீண்டுவிட்டது.