'கோல்ட் ஃபீட்' இந்த இடத்துக்குச் சரியா?

வணக்கம். ஆங்கிலத்தில் ஒரு சிறுகதை எழுதுகிறேன். வேலையை விடுவதா வேண்டாமா என்று நாயகி இன்னும் முடிவே எடுக்கவில்லை. அங்கே 'ஷீ காட் கோல்ட் ஃபீட்' என்று எழுதிவிட்டேன், இப்போது உறுத்துகிறது. ஒன்றுக்குச் சரி என்று சொல்லிவிட்டு, அது நெருங்கும்போது பயந்து பின்வாங்குவதுதானே கோல்ட் ஃபீட்? மதில்மேல் பூனையாக இருப்பவளுக்கு 'ஆன் த ஃபென்ஸ்' பொருந்தும் என்று தோன்றுகிறது.

அப்புறம் இன்னொரு காட்சி. ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டியபிறகு தயங்குகிறாள். கோல்ட் ஃபீட்டை அங்கே நகர்த்தலாமா? அவளுக்குப் பயத்தைவிட யோசனைதான் அதிகம் என்பதால் 'ஹேவிங் செகண்ட் தாட்ஸ்' (எடுத்த முடிவை மறுபடி யோசிப்பது) நல்லதா? இந்த ஒரு வரிதான் கதையின் திருப்பம். ஆங்கிலத்தில் தொடர்ந்து எழுதுபவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.