ரேடியேட்டர் இறக்கும்போது கியர்பாக்ஸ் ஆயில் ஹோஸ்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஒத்தக்கடை:
அண்ணனின் பழைய ஹோண்டா அக்கார்டு கார், ஆட்டோமேட்டிக். கத்திரி வெயிலில் ரேடியேட்டரின் மேல் டேங்க் விரிசல் விட்டு, பைபாஸ் ரோட்டில் ஒரு பட்டறையில் விட்டோம். கூலன்ட் வடித்தாயிற்று, ஃபேன் கழற்றியாயிற்று. கீழ் டேங்கில் இருந்த ஆயில் ஹோஸ் இரண்டும் அசையவில்லை. பையன் பெரிய ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினான். படக்கென்று கழன்று, சிவப்பு எண்ணெய் அவன் முழங்கை வழியாக ஓடியது. அதுகூடப் பரவாயில்லை. திறந்த ஹோஸ் வாய் இரண்டும் மண் தரையை உரசிக்கொண்டு சாயங்காலம் வரை தொங்கின. கேட்டால், "ஒண்ணும் ஆகாது சார்" என்கிறார் மேஸ்திரி. நேராக கியர்பாக்ஸுக்குள் போகிற ஹோஸ் அது! வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் கியர் மாறும்போது லேசாக உதறினால் போதும், அந்த மண்தான் ஞாபகம் வருகிறது.

மேலூர்:
என் செலேரியோவும் ஆட்டோமேட்டிக்தான். ரேடியேட்டர் மாற்றியபோது பக்கத்திலேயே நின்றேன். தண்ணீர் ஹோஸ்தான் இருந்தது, ஆயில் ஹோஸ் எதுவும் இல்லையே? உங்களுக்கு இல்லாத வேலையைக் காட்டியிருக்கிறார்கள்.

உசிலம்பட்டி:
மேலூர் அண்ணே, உங்களுடையது ஏஎம்டி. உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ், கிளட்ச்சை நமக்குப் பதில் ஆக்சுவேட்டர் இயக்குகிறது. அதற்கு ஆயில் கூலர் வேண்டாம். அக்கார்டு மாதிரி, என்ஜின் விசையை எண்ணெய் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் ஆயில் நன்றாகச் சூடேறும். அது ரேடியேட்டர் டேங்குக்குள் தனிக் கூலரில் ஓடி, சூடு இறங்கித் திரும்பும். கொடைக்கானல் ஏறி இறங்கிய ஒரு வண்டியில் அந்தக் கூலர் உள்ளேயே ஓட்டை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் ரோஸ் மில்க் மாதிரி நுரை. கூலன்ட் கலந்தால் கிளட்ச் தகட்டின் லைனிங் ஒட்டு விட்டுவிடும். கியர்பாக்ஸையே பிரித்தார்கள்.

வாடிப்பட்டி:
மாமா வண்டியில் ஓப்பன் ஸ்பேனரால் நட்டைத் திருப்பியதில் ஸ்டீல் பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொண்டது. பைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று.
நட்டு வைத்த வண்டி என்றால் டேங்க் பக்க அடாப்டரை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனரால்தான் நட்டைத் திருப்ப வேண்டும். ஹோஸ் என்றால் கிளாம்ப்பைத் தள்ளிவிட்டு, ஹோஸை முதலில் சுற்றிவிடுங்கள். ஒட்டு விட்டபின் இழுங்கள். அப்படியும் வரவில்லையா, பிளேடால் நீளவாக்கில் கீறிவிட்டுப் புதிது போடுங்கள். நெம்பினால் டேங்கின் குழாய் வளையும். புது ஹோஸை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) தாங்குவது என்று கேட்டு வாங்குங்கள், கூலன்ட் ஹோஸ் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். கழற்றிய கையோடு ஹோஸ் வாய்க்கும் பைப் வாய்க்கும் ரப்பர் மூடி. கீழே சுத்தமான தட்டு வைத்தால் எவ்வளவு வடிந்தது என்று அளக்கலாம். அதே அளவு ஊற்றி, வண்டியைச் சூடாக்கி, என்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக் பாருங்கள்.

ஒத்தக்கடை:
மற்றதெல்லாம் சரி, கடைசியில் சொன்னதை மட்டும் ஏற்க மாட்டேன். பல வண்டிகளுக்கு அது பொருந்தும், அக்கார்டுக்குப் பொருந்தாது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் அளவு சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு 60 முதல் 90 வினாடிக்குள் பார்க்க வேண்டும். ஓடும்போது பார்த்தால் குறைவாகக் காட்டும், அதை நம்பி ஊற்றினால் அளவு கூடிவிடும். வேறு ஹோண்டா வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஏடிஎஃப் ஹோஸ் மதுரையில் எந்தப் பக்கம் நல்லதாகக் கிடைக்கும்?