எங்கள் வீட்டுக் குழு: அக்காவின் முதல் கடல் நீச்சல், சிங்கப்பூர்

ஞாயிறு, காலை 10:05

அண்ணன்: டிரையத்லானை முடித்துவிட்டாள்! [படம்] கழுத்தில் பதக்கம், கையில் இளநீர்.

அம்மா: முருகா! நல்லபடியாக வந்துவிட்டாளா? கை கால் எல்லாம் சரியாக இருக்கிறதா? அவளிடம் போனைக் கொடு.

அண்ணன்: நன்றாக இருக்கிறாள் அம்மா. நிழலில் உட்கார்ந்திருக்கிறாள். நீச்சலில்தான் கொஞ்சம் சிரமப்பட்டாள், அவளே சொல்வாள்.

அம்மா: என்ன சிரமம்?

அம்மா: என்ன சிரமம் என்று கேட்டேனே

சித்தி: வாழ்த்துகள் தங்கம்! படத்தை இங்கே தஞ்சாவூரில் எல்லாருக்கும் காட்டிவிட்டேன். மொத்தம் எவ்வளவு தூரம்?

தம்பி: சித்தி, 750 மீட்டர் கடலில் நீச்சல், அப்புறம் 20 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் 5 கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் ஓய்வு கிடையாது, காலணி மாட்டுகிற நேரமும் கணக்கில் சேரும். ஒலிம்பிக் டிரையத்லான் இதைப்போல இரண்டு மடங்கு. 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் முதன்முதலில் சேர்த்தார்கள்.

சித்தி: அடேயப்பா, நம் வீட்டிலிருந்து திருவையாறு போய்த் திரும்பி வருகிற தூரம்.

பெரியப்பா: சபாஷ் பாப்பா. விடிந்ததும் மரீன் பரேட் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். கடல் முழுக்க வெள்ளை வெள்ளையாக நுரை. இந்தக் காற்றில் இறக்குவார்களா என்று நினைத்தேன். வீடு வந்து சாப்பிட்டுவிட்டு நிதானமாக எழுது.

பிற்பகல் 1:30

நான்: குளித்துச் சாப்பிட்டாயிற்று. அம்மா கேட்டதற்கு முழுதாகவே பதில் சொல்கிறேன், அரைகுறையாகக் கேட்டால் பயம்தான் கூடும். தம்பி, அடுத்த போட்டிக்குப் பதிவு செய்யப் போவதாகச் சொன்னாய் அல்லவா, நீயும் ஒரு வரி விடாமல் படி.

நான்: ஈஸ்ட் கோஸ்ட் மணலில் வயதுப் பிரிவு வாரியாக நிறுத்தினார்கள். எங்களுக்கு மஞ்சள் தொப்பி. கணுக்காலில் நேரம் பதிகிற சிப். கரையிலிருந்து பார்த்தால் முதல் மிதவை பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரிந்தது. ஊதல் அடித்ததும் எல்லாரும் சேர்ந்து ஓடி இறங்கினோம். முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம், அதற்கு மேல் நீந்தத்தான் வேண்டும்.

நான்: முகத்தை உள்ளே வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. நீச்சல் குளத்தில் அடியில் கறுப்புக் கோடு போகும், அதைப் பார்த்துக்கொண்டே நேராகப் போய்விடலாம். இங்கே கலங்கிய பச்சை மட்டும்தான். நீட்டிய கை எனக்கே தெரியவில்லை. ஒருவருடைய குதிகால் கண்ணாடியில் இடித்து, ஒரு பக்கம் தண்ணீர் புகுந்தது. மூச்சுக்காக முகத்தைத் திருப்பினேன், அதே நேரத்தில் ஓர் அலை வாய்க்குள். இருமினேன். அடுத்த மூச்சு வரவில்லை.

அம்மா: ஐயோ

நான்: முழுவதும் கேளு அம்மா. நான் வீட்டில் சோபாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நான்: நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சை மேலும் மேலும் இழுக்கிறேன், உள்ளே எதுவும் போகாததுபோல இருக்கிறது. கால் தரையைத் தேடுகிறது, தரை இல்லை. குளத்தில் நிற்காமல் ஒரு கிலோமீட்டர் போகிற உடம்பு இது. அந்தப் பலமெல்லாம் அப்போது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

நான்: அப்போது பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொன்னதைச் செய்தேன். மல்லாந்துவிட்டேன். காது இரண்டும் தண்ணீருக்குள் போனதும் சுற்றியிருந்த சத்தம் அடங்கியது. உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விட்டேன், நீளமாக. இன்னொரு முறை. காவலுக்கு நின்ற கயாக், சின்னத் துடுப்புப் படகு, ஒன்று கண்ணில் பட்டது. மல்லாந்தபடியே கையை அசைத்து அசைத்து அதனிடம் போய் மூக்குப் பகுதியைப் பிடித்துக்கொண்டேன். அதில் இருந்தவர் மலாய்க்காரர், அப்பா வயது இருக்கும். “அவசரமே இல்லை, நன்றாக மூச்சு விடு” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை, கயாக்கை ஓர் அங்குலம் நகர்த்தவும் இல்லை. அவர் முகத்தை நான் மறக்க மாட்டேன்.

சித்தி: அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். ஆனால் படகைப் பிடித்தால் போட்டியிலிருந்து நீக்கிவிட மாட்டார்களா?

நான்: மாட்டார்கள் சித்தி. இதைத்தான் எல்லாருக்கும் சொல்ல நினைக்கிறேன். விதியிலேயே இருக்கிறது. மிதவையையோ நின்றிருக்கும் படகையோ பிடித்து ஓய்வெடுக்கலாம். பிடித்த பிடியில் முன்னால் நகரக்கூடாது, அவ்வளவுதான். எந்த வகை நீச்சலும் அடிக்கலாம், மிதக்கலாம், நின்ற இடத்திலேயே தண்ணீர் மிதிக்கலாம். இது தெரியாமல், நின்றால் போட்டி போயிற்று என்று நினைத்துத் திணறிக்கொண்டே நீந்துகிறவர்கள் நிறைய. அதுதான் ஆபத்து.

அண்ணி: இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்து இப்போதுதான் படிக்கிறேன். நீ முதலில் மூச்சை வெளியே விட்டாயே, அதுதான் சரி. பயத்தில் நாம் இழுத்துக்கொண்டே இருப்போம், வெளியே விட மாட்டோம். கரியமில வாயு உள்ளே சேரும். மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவதே அதுதான். தண்ணீருக்குள் முகம் இருக்கும்போது மூச்சை அடக்கி வைக்காமல் குமிழ் குமிழாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அண்ணி: இன்னொன்றையும் சொல்ல வேண்டியது என் கடமை. டிரையத்லானில் நடந்த திடீர் மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலில்தான் நடந்திருக்கின்றன, சைக்கிளிலோ ஓட்டத்திலோ அல்ல. அதில் நடுத்தர வயது ஆண்கள் அதிகம். பலருக்கு இதயத்தில் இருந்த கோளாறு முன்னாலேயே தெரியாது. தம்பி, உங்களுக்குத்தான் இது.

தம்பி: படித்தேன் அண்ணி.

தம்பி: அக்கா, வெளிநாட்டுக் காணொளிகளில் எல்லாரும் கறுப்பு ரப்பர் உடை போட்டிருக்கிறார்கள். மிதக்க உதவும் என்கிறார்களே, நீ ஏன் போடவில்லை?

நான்: அது குளிர்ந்த தண்ணீருக்கு. நம் கடல் ஆண்டு முழுவதும் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. இந்தச் சூட்டில் விதிப்படி அனுமதி இல்லை, போட்டாலும் உடம்பு கொதித்துவிடும். மூச்சை நம்பித்தான் மிதக்க வேண்டும்.

பெரியப்பா: பாப்பா, நீரோட்டம் உன்னை எந்தப் பக்கம் தள்ளியது?

நான்: மேற்கே, நகரத்துப் பக்கம் பெரியப்பா. தலையைத் தூக்கிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மிதவை இடம் மாறியிருந்தது. நேராகத்தான் நீந்துகிறேன் என்று நினைப்பேன், பார்த்தால் ஒதுங்கியிருப்பேன். அப்புறம் ஆறேழு வீச்சுக்கு ஒரு முறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து பார்த்துக்கொண்டேன். தூரத்தில் நின்ற ஒரு கப்பலைக் குறி வைத்தேன்.

பெரியப்பா: கப்பலைக் குறி வைக்காதே! நங்கூரம் போட்ட கப்பல் ஒரே திசையில் நிற்காது, ஓதம், அதாவது கடலின் ஏற்ற வற்றம், மாறும்போது தானும் திரும்பிவிடும். கரைக்கு வரும்போது மரத்தையோ கட்டடத்தையோ பார், வெளியே போகும்போது மிதவையைப் பார். ஆனால் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் கப்பலை நன்றாகப் பார்த்துக்கொள். காற்று ரொம்பப் பலமாக இல்லாவிட்டால், அதன் மூக்கு நீரோட்டம் வருகிற பக்கம் திரும்பியிருக்கும். வரிசையாக நிற்கிற கப்பலெல்லாம் கிழக்கே பார்த்திருந்தால் தண்ணீர் மேற்கே ஓடுகிறது என்று அர்த்தம்.

நான்: பெரியப்பா! இன்று காலை எல்லாக் கப்பலும் கிழக்கே சாங்கி பக்கம்தான் பார்த்து நின்றன. யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

பெரியப்பா: கடலோரத்தில் வளர்ந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் காத்தோங்கில் தெரு முடிகிற இடத்தில் கடல். நான் இப்போது குடியிருக்கும் இந்த புளோக்கும், நீ இன்று சைக்கிள் ஓட்டிய பாதையும் அப்போது தண்ணீர். 1960களின் நடுவில் மண் கொட்டத் தொடங்கினார்கள். நாங்கள் நீந்தக் கற்றது அந்தத் தண்ணீரில்தான். ஏற்றம் பார்த்து இறங்குவோம், வற்றம் தொடங்கும் முன் ஏறிவிடுவோம். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு அதிகம். இன்று நீ பயந்ததில் குறை ஒன்றும் இல்லை. கடல் தெரிந்தவனுக்கும் அந்தப் பயம் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

தம்பி: பெரியப்பா சொல்வது ஒலிம்பிக் வீரர்களுக்கே பொருந்தும். 2024இல் பாரிஸில் சேன் ஆற்றில் நீந்தினார்கள். தண்ணீர் சுத்தமாக இல்லை என்று ஆண்கள் போட்டியை ஜூலை 30இலிருந்து 31க்குத் தள்ளி வைத்தார்கள். நடந்தபோதும் எதிர் நீரோட்டத்தில் பலர் திணறினார்கள்.

சித்தி: அப்புறம் என்ன ஆயிற்று? கயாக்கிலேயே நிறுத்திவிட்டாயே கதையை.

நான்: மூச்சு சீராகும்வரை பிடித்திருந்தேன் சித்தி. மஞ்சள் தொப்பிகள் எல்லாம் போய், அடுத்த பிரிவின் தொப்பிகளும் என்னைக் கடந்து போயின. போகட்டும் என்று விட்டேன். கண்ணாடியைக் கழற்றித் தண்ணீரை வடித்து மாட்டிக்கொண்டேன். முதலில் தவளை நீச்சல், முகம் வெளியே இருக்கும்படி. பிறகு ஃப்ரீஸ்டைல் கொஞ்சம், மறுபடி தவளை. கூட்டம் இல்லாததால் யாரும் இடிக்கவில்லை. கடைசி மிதவையைச் சுற்றிக் கரைப் பக்கம் திரும்பியதும் அலை பின்னாலிருந்து தள்ளத் தொடங்கியது. அந்த ஒரு நீளம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எழுந்து நின்றபோது கால் தள்ளாடியது, அண்ணன் கூச்சலிட்டது மட்டும் கேட்டது.

அண்ணன்: என் தொண்டை இன்னும் சரியாகவில்லை.

நான்: சைக்கிளும் ஓட்டமும் நன்றாகப் போயின. ஹெல்மெட் கொக்கியை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம் என்பதை மறக்காமல் செய்தேன். ஓட்டத்தில் வெயில் கடுமை, தண்ணீர் கொடுத்த இடத்தில் எல்லாம் பாதியைக் குடித்துப் பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டேன்.

அம்மா: எல்லாம் படித்தேன். எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. ஆசைப்பட்டாய், செய்துவிட்டாய். போதும் கண்ணு.

நான்: அம்மா, உன் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இன்று காலை வரை எனக்கே ஒரு பயம் இருந்தது, நடுக்கடலில் மூச்சு முட்டினால் என்ன செய்வேன் என்று. இன்று முட்டியது. என்ன செய்வேன் என்று இப்போது தெரியும். அதனால்தான் திரும்பப் போக நினைக்கிறேன். வேகமாகப் போவதற்கு இல்லை.

அம்மா: இடி மின்னல் வந்தால்?

நான்: மின்னல் அபாயம் இருந்தால் நீச்சலையே எடுத்துவிடுவார்கள் அம்மா. ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று மாற்றுவார்கள். விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையும் வருகிற மாதங்களில் அப்படி நடப்பது உண்டு.

பெரியப்பா: தங்கச்சி, பிள்ளையைத் தடுக்க வேண்டாம். தனியாக இறங்காமல் இருந்தால் போதும்.

அம்மா: நீங்களும் அவள் பக்கம்தானா அத்தான்.

பெரியப்பா: நான் கரையில் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

தம்பி: அப்படியென்றால் நான் இன்று இரவே பதிவு செய்கிறேன் அக்கா. குளத்தில் உன்னைவிட நான் வேகம்.

நான்: வேகம் எனக்குத் தெரியும். அதனால்தான் உன்னை நினைத்து எனக்குக் கவலை. நீ நின்று நான் பார்த்ததே இல்லை. முதலில் என்னோடு கடலுக்கு வா. தரை எட்டாத இடத்தில், நீந்திக்கொண்டிருக்கும்போதே நான் கைதட்டுவேன். உடனே மல்லாந்து, மூச்சை வெளியே விட்டு, ஐந்து நிமிடம் அப்படியே கிட. பதற்றம் இல்லாமல் அதைச் செய்துகாட்டு. அப்புறம் கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டுக்கொண்டு நீந்து. நான் பக்கத்தில் உரசி உரசி வருவேன். இதெல்லாம் முடிந்த பிறகு பதிவு செய்.

தம்பி: ஐந்து நிமிடமா?

நான்: ஐந்து நிமிடம்தான். இடுப்பில் ஆரஞ்சு மிதவை கட்டாமல் இறங்கக்கூடாது, என்னிடம் இரண்டு இருக்கிறது.

அண்ணி: அதற்கும் முன்னால் பாலிகிளினிக். 38 வயது, அப்பாவுக்கு இதய நோய் இருந்தது. நெஞ்சுவலி, தலைசுற்றல் எதுவும் இல்லை என்றாலும் மருத்துவரிடம் டிரையத்லான் என்று சொல்லியே கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தம்பி: சரி அண்ணி. இப்போதே அப்பாயின்ட்மென்ட் பார்க்கிறேன்.

பெரியப்பா: கடலுக்கு எந்த நாள் என்று சொல்லுங்கள், ஓத அட்டவணை பார்க்கிறேன்.

நான்: இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமை பெரியப்பா, காலையில். முதலில் செந்தோசாவில் தீவுத்திட்டு மறைப்பு உள்ள இடத்தில் பழகலாம், அங்கே அலை குறைவு. அது சரியாக வந்தால் ஈஸ்ட் கோஸ்ட்.

அம்மா: நானும் வருவேன். எத்தனை மணிக்கு?

நான்: ஏழு மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டும் அம்மா. அண்ணன் ஆறு மணிக்கு உன்னைக் கூப்பிட வருவான்.

அண்ணன்: வருவேன்.

அம்மா: இட்லி எடுத்து வருகிறேன். கழுத்தில் உப்பு உராய்ந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாயா?

நான்: தடவிவிட்டேன் அம்மா.

தம்பி: வியாழன் மாலை அப்பாயின்ட்மென்ட் கிடைத்துவிட்டது அண்ணி. [படம்]

அண்ணி: நல்லது. முடிவு வந்ததும் எனக்கு அனுப்புங்கள்.