தாயின் உடல் பருமன் பிள்ளைக்கும் வருமா? எட்டு வயது மகளுக்கு என்ன செய்வது?

கேள்வி: பாளையங்கோட்டை அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவினர் அவளுடைய உயரம் 128 சென்டிமீட்டர், எடை 36 கிலோ என்று குறித்து, அதன் கீழே 'உடல் பருமன்' என்றும் எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். என் உயரம் 155 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. அவளைச் சுமந்தபோது எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. பிறக்கும்போதே அவள் 3.8 கிலோ இருந்தாள். அவளுக்கு அடுத்துப் பிறந்த மகனுக்கு நான்கு வயதாகிறது, அவன் மெலிந்தவன்.

இதைப் பற்றி வீட்டில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. 'பெண்பிள்ளை பூசினாற்போல இருப்பதுதான் லட்சணம், பெரியவளானால் தானாக வடிந்துவிடும்' என்கிறார்கள் என் மாமியார். 'உன் உடம்புவாகு அவளுக்கு வந்திருக்கிறது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் என் கணவர். இது உண்மையிலேயே என்னிடமிருந்து அவளுக்குப் போனதா, அல்லது நாங்கள் சாப்பிடும் முறையால் வந்ததா? அவளுக்கு மட்டும் தனியாக உணவைக் குறைக்கலாமா? அப்படிக் குறைத்தால் வளர்ச்சி பாதிக்குமோ என்ற பயமும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மறுமொழி: பொருநைச் செவிலி

தங்கச்சி, நான் நம் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் தந்த அளவுகளை வைத்தே பேசுகிறேன். உங்கள் பி.எம்.ஐ. (கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண்) ஏறத்தாழ 31, இந்தியர்களுக்கு 23க்கு மேல் போனால் அதிக எடை, 25க்கு மேல் போனால் உடல் பருமன் என்று நம் மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். மகளுக்குக் கணக்கிட்டால் 22 வருகிறது. பெரியவர்களுக்கு 22 நல்ல எண்தான், ஆனால் பிள்ளைகளுக்கு அதே அளவுகோலை வைக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி எட்டு வயதுப் பெண்பிள்ளைக்கு 17.7ஐத் தாண்டினால் அதிக எடை, 20.6ஐத் தாண்டினால் உடல் பருமன். ஆகவே பள்ளியில் எழுதிக் கொடுத்தது சரியே.

உங்களிடமிருந்து போனதா என்றால், ஒரு பகுதி போயிருக்கிறது; ஆனால் உங்கள் கணவர் நினைக்கிற வழியில் மட்டும் அல்ல. கர்ப்பகாலத்தில் தாயின் இரத்தத்தில் கூடுதலாக இருக்கும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குள் போய்விடும், தாயின் இன்சுலின் போகாது. வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்க, அந்த இன்சுலின் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. 3.8 கிலோ எடை பெரும்பாலும் அப்படி வந்ததாகவே இருக்கும். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் சராசரி எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடியினரிடையே செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரே தாயின் பிள்ளைகளையே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தாய்க்குச் சர்க்கரை நோய் வருவதற்கு முன் பிறந்த பிள்ளைகளைவிட, வந்த பின் பிறந்தவர்களின் பி.எம்.ஐ. சராசரியாக 2.6 அதிகமாக இருந்தது. தந்தைக்கு நோய் வருவதற்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களிடம் அப்படிப்பட்ட வேறுபாடு தென்படவில்லை. ஆகவே மரபணு ஒரு புறம் இருக்க, கருப்பை தன் பங்குக்கும் ஒன்றைக் கைமாற்றுகிறது என்று கொள்ளலாம்.

இதிலிருந்து வருகிற முதல் வேலை மகளுக்கு அல்ல, உங்களுக்கு. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவத்துக்குப் பிறகு ஒருமுறையேனும் பரிசோதித்தீர்களா? இல்லையென்றால் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் சர்க்கரை அளவைப் பாருங்கள். மகளின் பிடரியையும் அக்குளையும் கவனியுங்கள். அங்கே தோல் கறுத்து வெல்வெட் துணி போலத் தடித்திருந்தால் அது அழுக்கு அல்ல. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். பயற்றம்மாவு போட்டுப் பிள்ளை அழ அழத் தேய்த்துவிடுகிற ஆச்சிமார்களை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். தேய்த்தால் அது போகாது, மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

உங்கள் மாமியார் சொல்வதற்கும் ஒரு விடை உண்டு. பருமனான பெண்பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பெரியவளாகிறார்கள். ஆனதும் எடை வடிவதில்லை. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியுமாக உறவினர்கள் வரிசையில் வந்து ஊட்டுவார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: ஆலங்குளத்து மகள்

செவிலி அக்கா சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் தாய், கருப்பை என்றே பேச்சு போனால், ஏற்கெனவே 'உன் உடம்புவாகு' என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றியதாகிவிடும். அமெரிக்காவில் 1997இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பெற்றோருக்கு உடல் பருமன் இருந்தால் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை வளர்ந்த பிறகு பருமனாகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. அங்கே பெற்றோர் என்பதில் தந்தையும் அடக்கம். கேள்வி கேட்ட அக்கா தன் உயரத்தையும் எடையையும் மகளுடைய அளவுகளையும் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய கணவரின் எடையைச் சொல்லவில்லை, நாமும் யாரும் கேட்கவில்லை.

மரபணுவின் பங்கு பெரியது என்பதும் உண்மைதான். டென்மார்க்கில் தத்தெடுத்து வளர்க்கப்பட்ட 540 பேரை ஆராய்ந்து 1986இல் எழுதியவர்கள், அவர்களின் உடல்வாகு வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை, பெற்றவர்களையே ஒத்திருந்தது என்று கண்டார்கள். ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் அதிக எடையோ பருமனோ உள்ள பெண்கள் 2015-16இல் நூற்றுக்கு 30.9 பேர், 2019-21இல் 40.4 பேர். இந்தச் சில ஆண்டுகளில் தமிழ்ப் பெண்களின் மரபணு மாறிவிடவில்லை. மாறியது நாம் உட்காரும் நேரமும் தின்னும் பண்டமும்தான். அதே ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அதிக எடையுள்ளவர்கள் 4.3 விழுக்காடு மட்டுமே என்று இருப்பதைப் பார்த்துச் சிலர் நிம்மதி அடைகிறார்கள். பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

உட்காரும் நேரம் என்றதும் எனக்கு எங்கள் பக்கத்துத் தாய்மார்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஆலங்குளம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள் மடியில் தட்டை வைத்து, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தார்கள் என்றால் அன்றைய கணக்கு முடியும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். எழுந்தால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். பதினொரு மணிக்குப் பசித்தால் அடுப்பை மூட்டி எதையும் செய்ய நேரம் இருக்காது. சீனி போட்ட தேநீரில் ரஸ்க்கை முக்கித் தின்றுவிட்டு வேலையைத் தொடர்வார்கள். பக்கத்தில் விளையாடும் பிள்ளைக்கும் அதிலேயே ஒன்று கிடைக்கும். அந்தப் பெண்ணிடம் போய் 'தினமும் அரை மணி நேரம் நடங்கள்' என்று சொல்லிவிட்டு வருவது எளிது. எனக்கு அது கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

ஆகவே அக்கா, கருவில் நடந்தது பத்து மாதக் கதை. அதன் பிறகான எட்டு ஆண்டுகளை வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்துதான் நடத்தியிருக்கிறீர்கள், இரவில் பரோட்டாவும் சால்னாவும் பார்சல் வாங்கி வருகிறவர் உட்பட.

மறுமொழி: வள்ளியூர் பலசரக்கு

நான் மருத்துவம் படித்தவன் அல்லன்; கடை வைத்திருக்கிறேன். ஒரு குடும்பத்தின் உடம்பு எப்படி இருக்கும் என்பதை அவர்களுடைய மாதச் சாமான் சீட்டைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். சமையல் எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் அளவில் போதும் என்று ஊட்டச்சத்து வல்லுநர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஐந்து லிட்டர் டின் கட்டிக் கொடுக்கிறேன், மாதக் கடைசியில் இன்னொரு பாக்கெட் கேட்டும் ஆள் வரும். பாலில் கலக்குகிற மால்ட் பொடியைப் பிள்ளைகள் வளர வேண்டும் என்று வாங்குகிறார்கள். அந்த மாதிரிப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. டப்பாவின் பின்புறம் சீனியின் அளவு அச்சிட்டே இருக்கிறது. முன்புறத்தில் இருக்கும் பையன் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். என் வியாபாரத்துக்கு எதிராகவே பேசுகிறேன், இருந்தாலும் சீட்டை எடுத்து ஒருமுறை பாருங்கள் தாயி.

மறுமொழி: பாளையங்கோட்டை அம்மா

மூவருக்கும் நன்றி. அண்ணாச்சி சொன்னபடி சீட்டைப் பார்த்தேன். மாமியாரையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர்: எண்ணெய் ஐந்து லிட்டர், சீனி நான்கு கிலோ, மால்ட் பொடி ஒரு டப்பா, பிஸ்கட்டும் மிக்சரும் தனி. என் கணவரின் எடையையும் பார்த்தோம், பி.எம்.ஐ. 28 வந்தது. அதன்பின் அவர் உடம்புவாகு பற்றிப் பேசவில்லை. மகளின் பிடரியில் அக்கா சொன்ன கறுப்பு இலேசாக இருக்கிறது.

இரண்டு சந்தேகங்கள் மீதி உள்ளன. மகளுக்கு எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்று இலக்கு வைப்பது? ஒரே வீட்டில் மெலிந்த தம்பியும் இருக்கும்போது இருவருக்கும் எப்படிச் சமைப்பது? இன்னொன்று, என் தங்கை சுரண்டையில் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். அவளும் என் உடல்வாகுதான். அவள் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி: பொருநைச் செவிலி

பிடரிக் கறுப்பு இருப்பதால், மகளைக் குழந்தை மருத்துவரிடம் தள்ளிப் போடாமல் காட்டுங்கள். இரத்தப் பரிசோதனை எதுவும் தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். எடையைப் பொறுத்தவரை, இந்த வயதில் பல பிள்ளைகளுக்குக் குறைப்பதைவிட ஏறாமல் பார்த்துக்கொள்வதே இலக்கு. இன்று 128 சென்டிமீட்டர் உள்ளவள் இரண்டு ஆண்டுகளில் 140 சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்து, எடை அதே 36 கிலோவில் நின்றால், பி.எம்.ஐ. 18.4 ஆகிவிடும், பத்து வயதுக்கு 19 வரை இயல்பான அளவுதான். பட்டினி போடாமலே உயரம் அந்த வேலையைச் செய்துவிடும். உங்கள் மகளுக்கு இது போதுமா, சிறிது குறைக்கவும் வேண்டுமா என்பதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவளுக்கு மட்டும் தனித் தட்டு வைக்காதீர்கள். பருமனான பிள்ளைகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1990இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பழக்கத்தை மாற்றிய குடும்பங்களின் பிள்ளைகளே மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். தம்பி முறுக்குத் தின்பதை அக்காள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால், அவள் ஒளித்துத் தின்னக் கற்றுக்கொள்வாள். வீடு வீடாகப் போனவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். மால்ட் பொடியை நிறுத்திவிட்டு வெறும் பாலைக் கொடுங்கள். மாலையில் அவித்த சுண்டலோ பனங்கிழங்கோ கொடுங்கள், எண்ணெயை மூன்று லிட்டருக்குள் கொண்டுவாருங்கள். கருப்பட்டியைச் சீனிக்கு மாற்றாக நினைத்துத் தாராளமாகப் போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. எடையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். இரவுச் சாப்பாட்டின்போது தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்து வையுங்கள், மாலையில் ஒரு மணி நேரமாவது அவள் ஓடி விளையாட வேண்டும்.

மெலிந்த தம்பிக்குத் தேவை கூடுதல் சீனியோ எண்ணெயோ அல்ல; முட்டையும் பருப்பும் நிலக்கடலையும் கீரையும்தான், அவை அக்காளுக்கும் ஏற்றவை. அங்கன்வாடியில் அவன் உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். வயதுக்கேற்ற உயரமும் அந்த உயரத்துக்கேற்ற எடையும் இருந்தால் அவன் மெலிந்தவனே தவிர, குறைபாடு உள்ளவன் அல்லன். இரண்டில் ஒன்று குறைவாக இருந்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பருமனான தாயும் வளர்ச்சி குன்றிய குழந்தையும் ஒரே வீட்டில் இருப்பது நம் நாட்டில் அரிதன்று. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை என்பதே அதன் பொருள்.

உங்கள் தங்கையிடம் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் பரிசோதனை முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். நம் மாநிலத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அரசு நிலையங்களில் அது செய்யப்படுகிறது. அதில் இரத்தச் சர்க்கரை 140 (ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் மாதங்களில் குறைவாக வந்திருந்தாலும், 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் பார்த்தாக வேண்டும். ஐந்து மாதம் என்றால் அந்த நாள் நெருங்கிவிட்டது. கர்ப்பத்துக்கு முன் அவளும் உங்கள் அளவு எடையில் இருந்திருந்தால், பிரசவம் வரை மொத்தமாக 5 முதல் 9 கிலோ கூடினால் போதும். 'இரண்டு உயிருக்குச் சாப்பிடு' என்று சொல்லி இலையில் கூடுதலாக அள்ளி வைக்கிறவர்களிடம், அவளுக்காக நீங்களே பேசிவிடுங்கள். எடையைக் குறைப்பதற்கான உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் இப்போது தொடங்க வேண்டாம். அது பிள்ளை பிறந்து, தாய்ப்பால் நன்றாக ஊறிய பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியது.